மாற்றுத்திறனாளி சான்று, அடையாள அட்டை, மாத உதவித்தொகை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் முதல்முறையாகச் சான்றுக்கு அலைபவர்களுக்கும் அவர்களை அழைத்துச் செல்லும் வீட்டாருக்கும் இந்தப் பக்கம். பெரும்பாலானவர்கள் தகுதி இல்லாமல் தோற்பதில்லை. தேவையான தாள் கையில் இல்லாததாலும், டாக்டர் முன்னால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டதாலும் தோற்கிறார்கள்.

சான்று, யுடிஐடி (மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள) அட்டை, உதவித்தொகை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மூன்றும் வேறு வேறு, வரிசையாக வருபவை. முதலில் அரசு மருத்துவர் உங்களைப் பரிசோதித்து, எந்தக் குறைபாடு, எத்தனை சதவீதம் என்று எழுதித் தருவது மருத்துவச் சான்று. அந்தச் சதவீதத்தை வைத்து மத்திய அரசின் ஸ்வாவ்லம்பன் தளம் வழியாக வருவது யுடிஐடி அட்டை. அட்டையைக் காட்டி மாநில அரசிடம் தனியாக மனு போட்டு வாங்குவது உதவித்தொகை. அட்டை கிடைத்ததும் பணம் தானாக வங்கிக்கு வந்துவிடும் என்று மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். வராது. மனு கொடுத்தால்தான் வரும்.

எந்தெந்தக் குறைபாடுகளுக்குச் சான்று உண்டு?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. கை கால் இயக்கக் குறைபாடு, பார்வை, செவித்திறன், அறிவுசார் குறைபாடு ஆகியவை எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் விட்டுவிடுபவை ஆட்டிசம், மனநோய், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, தசைச்சிதைவு, பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய், ஹீமோபிலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், அமில வீச்சால் பாதிக்கப்பட்டோர் போன்றவை. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகள் மட்டுமே இருந்தன. அந்தக் காலத்தில் "உங்களுக்கு இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் இப்போது மறுபடி போகலாம்.

எத்தனை சதவீதத்துக்கு என்ன கிடைக்கும்?

40 சதவீதம் என்பது வாசற்படி. அதற்குக் கீழே சான்று கிடைத்தாலும் பெரும்பாலான சலுகைகள் கிடையாது. 2024 திருத்த விதிகளின்படி அட்டையின் நிறமே இதைச் சொல்லிவிடும்: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம்.

மாதப் பணம் இரண்டு துறைகளிலிருந்து வருகிறது. மாற்றுத்திறனாளிகள் நலத்துறை தருவது பராமரிப்பு உதவித்தொகை, மாதம் 2,000 ரூபாய். கை கால் இயக்கம் கடுமையாகப் பாதிக்கப்பட்டிருந்தால் இதற்கு 75 சதவீதம் வேண்டும். அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் பாதிப்பு, முதுகுத்தண்டு காயம், பார்க்கின்சன், தண்டுவட மரப்பு நோய் ஆகியவற்றுக்கு 40 போதும். வருவாய்த் துறை தருவது மாற்றுத்திறனாளி ஓய்வூதியம். 2023 ஜனவரி முதல் அது மாதம் 1,500 ரூபாய். 18 வயது நிறைந்து, வேலை இல்லாதவர்கள் இதைக் கேட்கலாம். இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. 40 சதவீதம் உள்ள அறிவுசார் குறைபாட்டுப் பிள்ளைக்கு நலத்துறைத் தொகை கிடைக்கும் என்று தெரியாமல், "18 ஆகட்டும், அப்புறம் தாலுகா ஆபீஸில் எழுதிக் கொடுக்கலாம்" என்று விட்டுவிடாதீர்கள்.

சான்றுக்கும் அட்டைக்கும் விண்ணப்பத்தை எங்கே போடுவது?

இ-சேவை மையத்திலோ வீட்டிலிருந்தோ ஸ்வாவ்லம்பன் தளத்தில் பதியலாம். ஆதார் எண், செல்போன் எண், முகவரிச் சான்று, ஆறு மாதத்துக்குள் எடுத்த பாஸ்போர்ட் அளவுப் படம், கையெழுத்து அல்லது கைரேகை ஆகியவை வேண்டும். முகம் மட்டும் தெரியும் படம் போதும். ஊனமான கையையோ காலையோ காட்டிப் படம் எடுக்க யாராவது சொன்னால் அது அவசியமில்லை என்று சொல்லுங்கள். அந்தப் படத்துக்காக ஸ்டூடியோவில் தலைகுனிந்து நிற்க வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை.

பதியும்போது ஒரு மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் அரசு மருத்துவமனை அல்லது சிகிச்சை எடுத்துக்கொண்டிருக்கும் அரசு மருத்துவமனை, இரண்டில் ஒன்றைக் குறிக்கலாம். உங்கள் குறைபாட்டுக்கான சிறப்பு மருத்துவர் அங்கே இருக்கிறாரா என்று முதலில் விசாரியுங்கள். காது கேளாமைக்கு ஆடியோகிராம் எடுக்கும் வசதி இல்லாத இடத்தைக் குறித்தால், அங்கிருந்து மருத்துவக் கல்லூரிக்கு எழுதிக் கொடுத்து, இன்னொரு நாள் கூலி போகும்.

பதிவு எண்ணை எழுதி வையுங்கள். 2 ஆண்டுகளுக்கு மேல் அசையாமல் கிடக்கும் விண்ணப்பம் செயலிழந்துவிடும். அப்புறம் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

என்ன தாள்கள் கொண்டுபோக வேண்டும்?

ஆதார், ரேஷன் கார்டு, படம் 4, பதிவுச் சீட்டு. இவற்றை எல்லோரும் கொண்டுவருகிறார்கள். மருத்துவத் தாள்கள்தான் விடுபட்டுப் போகின்றன. டிஸ்சார்ஜ் சம்மரி, ஆபரேஷன் குறிப்பு, எக்ஸ்ரே, ஸ்கேன் ரிப்போர்ட், ஓபி சீட்டுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டு ஆகியவற்றைத் தேதி வாரியாக அடுக்கி ஒரே ஃபைலில் வையுங்கள். மேலே ஒரு வெள்ளைத் தாளில் எட்டுப் பத்து வரியில் சுருக்கம் எழுதுங்கள்: எப்போது ஆரம்பித்தது, எங்கே காட்டியது, என்ன ஆபரேஷன், இப்போது எது முடியவில்லை. டாக்டருக்கு உங்கள் முன்னால் இருப்பது சில நிமிடங்கள். அந்த ஒரு தாளை அவர் கட்டாயம் பார்ப்பார். அசலும் ஜெராக்ஸும் இரண்டும் வேண்டும். அசலைக் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

தடங்கலில் முதலிடம் பெயருக்கு. ஆதாரில் "மு. செல்வி", ரேஷன் கார்டில் "செல்வி முருகன்", வங்கிப் பாஸ்புக்கில் வேறொரு எழுத்துக்கூட்டல் என்று இருந்தால் அட்டை வந்த பிறகும் பணம் நின்றுவிடும். ஆதாரைத் திருத்துவதை, டாக்டர் பரிசோதிக்கும் முகாமுக்கு முன்பே முடித்துவிடுங்கள்.

விபத்து நடந்து ஒரு மாதம்தான் ஆகிறது. இப்போதே போகலாமா?

போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அல்லது குறுகிய காலச் சான்று தருவார்கள். இனி சிகிச்சையால் பெரிதாக மாறாது என்ற நிலை வந்த பிறகு அளப்பதே முறை. பக்கவாதம் போன்ற நரம்புப் பாதிப்புகளில் குறைந்தது 6 மாதம் கழித்துத்தான் அளக்க வேண்டும் என்பது வழிகாட்டு நெறி. கை கால் துண்டிக்கப்பட்டது போன்றவற்றில் காத்திருக்கத் தேவையில்லை.

சதவீதத்தை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? ஒருவருக்கு 60, அதே மாதிரி இன்னொருவருக்கு 35 என்கிறார்களே?

நோயின் பெயருக்குச் சதவீதம் கிடையாது. நோயால் என்ன இயலாமல் போயிற்று என்பதற்குத்தான். மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறை ஒவ்வொரு வகைக்கும் தனி அளவுகோல் வைத்திருக்கிறது.

கை கால்: மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, நீள்கிறது என்று கோணமானியை மூட்டோடு வைத்து அளப்பார்கள். தசை வலுவை 0 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள். கால் குட்டையாக இருந்தால் இடுப்பிலிருந்து டேப் வைத்து அளப்பார்கள். வலி இருக்கிறது என்பது மட்டும் சதவீதமாக மாறுவது அரிது. முட்டி வலியோடு எக்ஸ்ரேயை மட்டும் கொண்டுவருபவர்கள் ஏமாறுவது இங்கேதான். முழங்காலுக்கு மேல் சுருட்டிவிடக்கூடிய தளர்வான உடையில் போங்கள். இறுக்கமான பேண்ட் போட்டவரைச் சரியாக அளக்க முடியாது.

கண்: கண்ணாடி போட்டுத் திருத்திய பிறகு இருக்கும் பார்வையே கணக்கு. கண்ணாடியை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் இன்னொரு நாள் வரச் சொல்வார்கள். ஒரு கண் முழுவதும் போய், மற்றது நன்றாக இருந்தால் 30 சதவீதம்தான் வரும். இது கேட்பவர்களுக்கு அநியாயமாகப் படும். ஆனால் டாக்டர் குறைத்துப் போட்டதில்லை, அட்டவணையே அப்படி.

காது: ஒலிப்புகாத அறையில் ஹெட்போன் மாட்டி 500, 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கொடுத்துச் சோதிப்பார்கள். வரைபடத்தில் வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. இரண்டு காதிலும் 60 டெசிபலுக்கு மேல் இழப்பு இருந்தால்தான் செவித்திறன் குறைபாடு, 70ஐ எட்டினால் காது கேளாமை. கூட்டுச் சதவீதத்தில் நல்ல காதை 5 மடங்காக எடுத்து, மற்ற காதையும் கூட்டி, 6ஆல் வகுப்பார்கள். அதனால் ஒரு காது முழுதாகக் கேட்காமல், மற்றது சரியாக இருந்தால் 100ஐ 6ஆல் வகுத்து ஏறத்தாழ 17 சதவீதம்தான் வரும். காதில் அழுக்கு அடைத்திருந்தாலோ சளி பிடித்திருந்தாலோ சோதனை தப்பாக வரும். முந்தைய வாரமே இஎன்டி டாக்டரிடம் காட்டிச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். கேட்கும் ஒலியையும் கேட்காத மாதிரி நடித்தால் வரைபடம் முன்னுக்குப் பின் முரணாக வரும், காது நரம்பின் எதிர்வினையைக் கருவியே பதியும் பெரா சோதனைக்கு அனுப்புவார்கள். அதில் நடிக்க வழியில்லை.

இரண்டு குறைபாடு இருந்தால் நேராகக் கூட்டமாட்டார்கள். 40ம் 30ம் சேர்ந்தால் 70 ஆகாது. பெரிய எண்ணை அப்படியே எடுத்து, சின்ன எண்ணை (90இலிருந்து பெரிய எண்ணைக் கழித்த மீதியால்) பெருக்கி 90ஆல் வகுத்துச் சேர்ப்பார்கள். இங்கே 30 × 50 ÷ 90 = 16.7. மொத்தம் 57 சதவீதம். அதனால் இரண்டு குறைபாடு இருந்தால் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் குறிப்பிடுங்கள். கால் மட்டும் 38 வந்து படியேறாமல் நிற்பவருக்குக் காதும் சேர்ந்தால் 40ஐத் தாண்டலாம்.

மனநோய்க்கு எப்படி அளக்கிறார்கள்? வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாதே?

ஐடியாஸ் என்ற அளவுகோல். குளித்து உடுத்திக்கொள்வது உள்ளிட்ட சுய பராமரிப்பு, மனிதர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என நான்கு தலைப்பில் ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஐந்தாவதாக, நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கும் 4 வரை உண்டு: 2 ஆண்டுக்குள் 1, 10 ஆண்டுக்கு மேல் 4. மொத்தம் 20இல் 7 எடுத்தால் 40 சதவீதம் தொடங்குகிறது. ஆகவே பத்து வருடத்துக்கு முந்தைய, மடிப்பில் கிழிந்துபோன ஓபி சீட்டு வெறும் பழைய தாள் அல்ல, 4 மதிப்பெண்ணுக்கான சாட்சி. தூக்கிப் போடாதீர்கள். தொலைந்திருந்தால் சிகிச்சை எடுத்த மருத்துவமனையில் பதிவேட்டைப் பார்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.

கூட வாழ்பவர் ஒருவர் கட்டாயம் உடன் போக வேண்டும். வீட்டில் நடப்பதைச் சொல்ல அவரால்தான் முடியும்.

டாக்டரிடம் என்ன சொல்ல வேண்டும்?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. நம் வீடுகளில் வெளியாள் முன்னால் பிள்ளையை விட்டுக்கொடுக்கமாட்டோம். "தம்பி சாப்பிடுவானா?" என்று டாக்டர் கேட்டதும் அம்மா சொல்வது: "நல்லா சாப்பிடுவான் சார்." உண்மை என்ன? அம்மா சோற்றைப் பிசைந்து, உருட்டித் தட்டில் வைத்து, கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனால் சாப்பிடுவான். டாக்டர் எழுதுவது "தானாக உண்கிறார்." ஒரு வரியில் ஒரு மதிப்பெண் போயிற்று. இப்படி நான்கு வரி சேர்ந்தால் 40 என்பது 35 ஆகிவிடும். அது கௌரவத்தால் வரும் இழப்பு. அந்த அறையில் கௌரவம் பார்க்க வேண்டாம்.

பதிலை மூன்று துண்டாகச் சொல்லிப் பழகுங்கள்: செய்வாரா, யார் உதவியோடு, எவ்வளவு நேரம். "நடப்பார்" என்று சொல்லி நிறுத்தாமல், "சுவரைப் பிடித்துக்கொண்டு பாத்ரூம் வரை நடப்பார், பத்தடிக்கு ஒருமுறை நிற்பார், படி ஏறமாட்டார், போன மாதம் இரண்டு முறை விழுந்தார்." மோசமான நாளையும் சொல்லுங்கள், சாதாரண நாளையும் சொல்லுங்கள். வாரத்தில் எத்தனை நாள் அப்படி என்றும் சொல்லுங்கள்.

முகாமுக்கு முந்தைய வாரம் ஒரு நோட்டில் நாள்தோறும் எழுதி வையுங்கள்: எழுந்தது, குளிப்பாட்டியது, எத்தனை முறை சுத்தம் செய்தது, இரவில் எத்தனை முறை விழித்தது. கேள்வி வந்ததும் மறந்துபோவது இயல்பு. நோட்டைப் பார்த்துச் சொல்வதில் தவறே இல்லை.

கூட்டிச் சொல்லவும் கூடாது. ஊன்றுகோல் இல்லாமல் நடப்பவர் அன்றைக்கு மட்டும் கடன் வாங்கிய ஊன்றுகோலோடு வந்தால் தசையைத் தொட்டதுமே தெரிந்துவிடும், மீதி எல்லாப் பேச்சும் சந்தேகத்துக்கு உள்ளாகும். ஏமாற்றிச் சலுகை பெறுவதற்கு 2 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் வரை அபராதம் என்று சட்டத்தின் 91ஆம் பிரிவு சொல்கிறது.

ஆட்டிசம் உள்ள குழந்தை, கூட்டத்தில் உட்காரவே உட்காராது. என்ன செய்வது?

முதல் ஆளாகப் போய் டோக்கன் எடுங்கள். ஒருவர் வரிசையில், ஒருவர் குழந்தையோடு மரத்தடியில். பிடித்த பொருள், தண்ணீர், மாற்றுத் துணி, பசிக்குத் தெரிந்த உணவு ஆகியவை பையில் இருக்கட்டும். வழக்கமான மாத்திரையை நிறுத்தாதீர்கள், தூங்க வைக்கும் மருந்தும் கொடுக்காதீர்கள். ஐஎஸ்ஏஏ என்ற 40 கேள்வி கொண்ட அளவுகோலில் குழந்தையின் நடத்தையைப் பார்த்தும் பெற்றோரைக் கேட்டும் மதிப்பெண் போடுவார்கள். குழந்தை அன்று அழுது கத்தினால் வெட்கப்படாதீர்கள். டாக்டர் பார்க்க வேண்டியதே அதுதான். அதற்கு மாறாக, புதிய இடத்தில் மிரண்டு ஒடுங்கி உட்கார்ந்துவிட்டால் வீட்டில் எடுத்த செல்போன் வீடியோவைக் காட்டுங்கள், இரண்டு நிமிடம் போதும்.

தற்காலிகச் சான்று கொடுத்துவிட்டார்களே?

குழந்தைகளுக்கு அது இயல்பு. அறிவுசார் குறைபாட்டுக்கு 5, 10, 18 வயதில் மறுபடி பார்த்து, 18இல் தருவது நிரந்தரம். கற்றல் குறைபாட்டுக்கு 8, 14, 18. காலாவதித் தேதியைக் காலண்டரில் குறித்து, 3 மாதம் முன்பே மறு விண்ணப்பம் போடுங்கள். தேதி தாண்டினால் உதவித்தொகையும் நிற்கும்.

குறைவாகப் போட்டுவிட்டார்கள், அல்லது மறுத்துவிட்டார்கள். அடுத்து என்ன?

மறுத்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், அதற்கென்று தனிப் படிவமே இருக்கிறது. வாயால் "இல்லம்மா, போ" என்றால் அதைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்தின் 59ஆம் பிரிவில் மேல்முறையீடு உண்டு. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடம் மனுவாகக் கொடுங்கள், நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். தாமதிக்காதீர்கள்.

மனுவில் "டாக்டர் சரியாகப் பார்க்கவில்லை" என்று எழுதுவது பலன் தராது. எது அளக்கப்படவில்லை என்று எழுதுங்கள்: "இடது கால் 4 செ.மீ. குட்டை என்பது சான்றில் இல்லை", "இரண்டாவது குறைபாடான செவித்திறன் சோதிக்கப்படவில்லை." புதிய ரிப்போர்ட்டை இணையுங்கள். கேட்காவிட்டால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாள் இருக்கிறது, அதற்கும் மேல் மாநில ஆணையர் இருக்கிறார்.

சான்று வர எத்தனை நாள்?

2017 விதிகளில் ஒரு மாதம். 2024 திருத்தத்தில் அது 3 மாதம் ஆனது. தாண்டினால் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுத்து மூலம் கேளுங்கள். கிடைத்த சான்று நாடு முழுவதும் செல்லும். சென்னைக்கோ பெங்களூருக்கோ குடிபெயர்ந்தாலும் மறுபடி எடுக்க வேண்டியதில்லை.

உதவித்தொகை மனுவில் எங்கே சிக்குகிறது?

பெரும்பாலும் விஏஓ விசாரணையில். வருவாய்த் துறை ஓய்வூதியம் என்றால் விஏஓ, வருவாய் ஆய்வாளர், சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் என்று போகும். விஏஓ வரும்போது வீடு பூட்டியிருந்தால் "முகவரியில் இல்லை" என்று எழுதி முடித்துவிடுவார். மனு கொடுத்த வாரமே நேரில் போய் அட்டை நகலையும் செல்போன் எண்ணையும் கொடுத்து வாருங்கள். வேறு உதவித்தொகை பெறவில்லை என்று அவர் எழுதித் தருவது நலத்துறை மனுவுக்கும் உதவும்.

வங்கிக் கணக்கு ஆதாரோடு இணைந்து, புழக்கத்தில் இருக்க வேண்டும். பல மாதம் தொடாத கணக்கு முடங்கிக் கிடந்தால் பணம் திரும்பிப் போகும்.

மகனுக்கு 18 ஆகிவிட்டது, கையெழுத்துப் போடத் தெரியாது. கணக்கை நாங்கள் நடத்தலாமா?

18க்கு மேல் அம்மா அப்பா தானாகச் சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகமாட்டார்கள். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல்வகைக் குறைபாடு ஆகியவற்றுக்கு 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ், கலெக்டர் தலைமையிலான உள்ளூர் மட்டக் குழு பாதுகாவலர் சான்று தரும். 18 முடிந்ததுமே மனுப் போடுங்கள். இதே நால்வகையினருக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு தரும் நிராமயா காப்பீடும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்குபவர்கள் மிகவும் குறைவு.

அட்டை இருந்தால் ரயிலில் சலுகை உண்டுதானே?

எல்லோருக்கும் இல்லை. துணை இல்லாமல் பயணிக்க முடியாத கை கால் குறைபாடு, முழுப் பார்வையின்மை, அறிவுசார் குறைபாடு, பேச்சும் கேட்டலும் இரண்டும் முழுதாக இல்லாமை ஆகியவற்றுக்கு மட்டும். அதற்கு ரயில்வே படிவத்தில் அரசு மருத்துவரிடம் தனிச் சான்று வாங்க வேண்டும், முகாம் நாளிலேயே அந்தப் படிவத்தையும் கொண்டுபோனால் இன்னொரு நடை மிச்சம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் அட்டை காட்டினால் இலவசம். சம்பளம் வாங்குபவர் பழைய வரி முறையில் 75,000 ரூபாயும், 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000 ரூபாயும் கழித்துக்கொள்ளலாம்.

"பணம் கொடுத்தால் 75 போட்டுத் தருகிறேன்" என்கிறாரே ஒருவர்?

சான்றுக்கும் முகாமுக்கும் விண்ணப்பப் படிவத்துக்கும் பணம் கிடையாது. இ-சேவை மையத்தின் பதிவுக் கட்டணம் தவிர யார் கேட்டாலும் அது லஞ்சம். போலிச் சான்று பின்னால் சரிபார்க்கப்படும்போது மாட்டுவது இடைத்தரகர் அல்ல, அட்டைக்குச் சொந்தக்காரர்.

மாதாமாதம் வந்த பணம் திடீரென நின்றுவிட்டது.

முதலில் பாஸ்புக்கை வரவு போட்டுப் பாருங்கள். நிஜமாகவே நின்றிருந்தால் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்று: ஆண்டுதோறும் தர வேண்டிய உயிர்வாழ் சான்று தரவில்லை, தற்காலிகச் சான்று காலாவதி, ஆதார் இணைப்பு வேறு கணக்குக்கு மாறியது. மூன்றாவது அதிகம் நடக்கிறது. வேறொரு வங்கியில் புதிதாகக் கணக்குத் திறந்து அங்கே ஆதார் கொடுத்ததும், பணம் அந்தக் கணக்குக்குப் போயிருக்கும், இங்கே நின்றதாகத் தெரியும். பழைய பாஸ்புக், புதிய பாஸ்புக் இரண்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள். படுக்கையில் இருப்பவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அவர் உயிரோடு இருப்பதை விஏஓ வீட்டுக்கு வந்து பார்த்து எழுதித் தரும்படி மனு கொடுங்கள், அந்த மனுவின் நகலிலும் முத்திரை வாங்குங்கள்.